புற்றுநோயிலிருந்து மீளும் பிள்ளைகளுக்கு ஓய்வும் விளையாட்டும்

செப்டெம்பர் மாதத்தின் பிற்பகுதியில் ரொறன்ரோப் பாடசாலைகள் பலவற்றின் மைதானங்களில் டெரி ஃபொக்ஸ் ஓட்டம் நடைபெறுவது வழக்கம். யாருக்காக ஓடுகின்றோம் என்பதை எழுதிய சிறு ஒட்டுத்தாளை மேற்சட்டையில் ஒட்டிக்கொண்டு தமிழ்ப் பிள்ளைகளும் ஓடுகின்றனர். சிலர் அதில் தம் அம்மம்மாவின் பெயரையோ பெரியப்பாவின் பெயரையோ எழுதியிருப்பர். அந்நாளில் மைதானத்தின் ஓரத்தில், தொப்பி அணிந்து, கதிரையில் அமர்ந்தவாறு மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையும் இருப்பதுண்டு. அப்பிள்ளை புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பிள்ளை. எந்த நோயை வெல்வதற்காக நிதி திரட்டப்படுகின்றதோ, அந்த நோயைத் தாங்கி நிற்கும் பிள்ளையே ஓட்டத்திற்கு வெளியே இருக்கின்றது.

பல சந்தர்ப்பங்களில் அப்பிள்ளையை அமர்த்தி வைத்தது மருத்துவரின் கட்டளை அன்று. வீட்டாரின் அச்சமும் பாடசாலையின் தயக்கமும் சேர்ந்து எடுத்த முடிவு. "பிள்ளை களைத்துப்போகும்", "விழுந்துவிடும்", "கிருமி தொற்றிவிடும்" என்னும் அச்சங்கள் அன்பிலிருந்து பிறப்பவை. அவற்றுள் உண்மையும் உண்டு. ஆயினும் அசையாதிருப்பதாலும் பிள்ளையின் உடலுக்குத் தீங்கு நேரும் என்பதைச் சிறுவர் புற்றுநோய் மருத்துவம் இன்று தெளிவாக உணர்ந்துள்ளது. "என் பிள்ளை விளையாடலாமா?" என்று கேட்பதை விட, "இந்த வாரம் என் பிள்ளைக்கு எந்த அசைவு பொருத்தமானது?" என்று கேட்பதே சரியான கேள்வி என்பதை விளக்குவது இப்பாடத்தின் நோக்கம். இங்கு கூறப்படுபவை பொதுவான தகவல்கள். தனியொரு பிள்ளையைப் பற்றிய முடிவு அப்பிள்ளையின் சிகிச்சைக் குழுவினராலேயே எடுக்கப்படல் வேண்டும்.

அரை மைலில் தொடங்கிய ஓட்டம்

டெரி ஃபொக்ஸ் 1958ஆம் ஆண்டு வினிப்பெக் நகரிற் பிறந்து பிரிட்டிஷ் கொலம்பியாவில் வளர்ந்தவர். 1977ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், தமது 18ஆவது வயதில், எலும்புப் புற்றுநோயால் வலது காலை முழங்காலுக்கு மேலே இழந்தார். 1980ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் நியூபவுண்ட்லாந்தின் சென் ஜோன்ஸ் நகரில் நம்பிக்கை மரதனைத் தொடங்கினார். ஜூலை 11ஆம் நாள் ரொறன்ரோ நகரமண்டபத்தின் முன்னுள்ள நேத்தன் ஃபிலிப்ஸ் சதுக்கத்தை அவர் வந்தடைந்தபோது ஏறத்தாழ 10,000 மக்கள் திரண்டு வரவேற்றனர். புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியமையால் செப்டெம்பர் 1ஆம் நாள் தண்டர் பே நகருக்கு அருகே ஓட்டத்தை நிறுத்தினார். 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர் தூரத்தை அவர் கடந்திருந்தார். 1981ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் காலமானார்.

இவ்வரலாற்றை ரொறன்ரோவிற் கல்வி கற்கும் பிள்ளைகள் அனைவரும் அறிவர். பெற்றோர் கவனிக்க வேண்டியது அதற்கு முந்திய பகுதியாகும். கால் அகற்றப்பட்ட சில வாரங்களிலேயே அவர் செயற்கைக் காலுடன் நடை பழகினார். அதே ஆண்டில் ரிக் ஹான்சன் அழைக்க, சக்கரநாற்காலிக் கூடைப்பந்தாட்டத்திற் சேர்ந்தார். ஓட்டப் பயிற்சியைத் தொடங்கியது அதன் பின்னரே. முதல் நாள் அவர் ஓடியது அரை மைல் மாத்திரமே. அதிலிருந்து படிப்படியாக உயர்ந்து, பெரும் ஓட்டத்திற்கு முன்னர் ஏறத்தாழ 15 மாதங்கள் பயிற்சி செய்தார்.

நாளொன்றுக்கு ஒரு மரதன் தூரம் ஓடுவது எந்தப் பிள்ளைக்கும் உரிய இலக்கு அன்று. அளவறிந்து தொடங்குதல், இயலும் விளையாட்டைத் தெரிதல், படிப்படியாக உயர்த்துதல் என்னும் மூன்றையுமே மீண்டுவரும் பிள்ளையின் குடும்பம் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

பழைய நினைவும் இன்றைய நிலையும்

1960களின் தொடக்கத்தில், பிள்ளைகளிடையே மிகுதியாகக் காணப்படும் தீவிர நிணநீர்க்கலக் குருதிப்புற்றுநோய் கண்ட பிள்ளைகளில் ஐந்தாண்டுகள் உயிர் வாழ்ந்தோர் பத்திலொருவரிலும் குறைவானோரே. அக்காலத்தை அறிந்த அப்பப்பாக்களும் அம்மம்மாக்களும் அந்நோயின் பெயரைக் கேட்டதும் நடுங்குவதில் வியப்பில்லை. கனடாவில் இன்று ஆண்டுதோறும் 15 வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 1,000 பிள்ளைகளுக்குப் புற்றுநோய் கண்டறியப்படுகின்றது. அவர்களுள் நூற்றுக்கு 80க்கு மேற்பட்டோர் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர்.

ஆகவே, இப்பிள்ளைகளுள் பெரும்பாலானோர் வளர்ந்து, படித்து, தொழில் செய்து, குடும்பம் அமைக்கப் போகின்றவர்கள். அவர்களுக்கு வேண்டியது அத்தகைய நீண்ட வாழ்வைத் தாங்கும் உடல்.

சிகிச்சை உடலிற் செய்யும் மாற்றங்கள்

தீவிர நிணநீர்க்கலக் குருதிப்புற்றுநோய்க்கான சிகிச்சை இரண்டாண்டுகளுக்கு மேல் நீடிப்பது. அக்காலத்தில் வழங்கப்படும் மருந்துகள் நோயை அழிப்பதோடு தசை, எலும்பு, நரம்பு, இதயம் ஆகியவற்றையும் பாதிக்கக்கூடும்.

டெக்சாமெதசோன், பிரெட்னிசோன் ஆகிய ஸ்டீராய்டு மருந்துகள் தொடை, இடுப்பு, தோள் ஆகியவற்றின் தசைகளை மெலியச் செய்கின்றன. தரையிலிருந்து எழ முடியாமல் கையை ஊன்றுதல், மாடிப்படியில் ஏறத் தயங்குதல் ஆகியவை அதன் அடையாளங்கள். இம்மருந்துகள் எலும்பின் அடர்த்தியையும் குறைக்கக்கூடும். இடுப்பு, முழங்கால் ஆகிய மூட்டுகளில் குருதியோட்டம் குன்றி எலும்பின் ஒரு பகுதி சிதைவதும் உண்டு. பத்து வயதைக் கடந்த பிள்ளைகளிடையே இது அதிகம்.

வின்கிறிஸ்ரின் என்னும் மருந்து கை, கால் நரம்புகளைப் பாதிக்கக்கூடும். அப்போது பாதத்தின் முன்பகுதியைத் தூக்க முடியாமல் பிள்ளை கால்விரல் தட்டி இடறுகின்றது. உள்ளங்காலில் மரப்பும் ஏற்படுகின்றது. இதனை வீட்டார் சோம்பல் என்றோ கவனக்குறைவு என்றோ எண்ணிவிடுதல் கூடாது. டொக்சோரூபிசின், டோனோரூபிசின் போன்ற மருந்துகள் இதயத் தசையைப் பாதிக்கக்கூடுமாதலால் அவற்றைப் பெற்ற பிள்ளைகளின் இதயம் பல்லாண்டுகள் கண்காணிக்கப்படுகின்றது.

இவற்றோடு படுக்கையும் திரையும் சேரும்போது பாதிப்பு இரட்டிப்பாகின்றது. பயன்படுத்தப்படாத தசை சில நாட்களிலேயே மெலியத் தொடங்கும். தசை மெலிந்தால் சிறு நடையும் களைப்பைத் தரும். களைத்த பிள்ளையை வீட்டார் மீண்டும் படுக்கவைப்பர். தசை மேலும் மெலியும். புற்றுநோய்ச் சிகிச்சையால் வரும் களைப்பு ஓய்வால் மாத்திரம் தீர்வதன்று. அளவான அசைவே இச்சுழற்சியை உடைப்பதற்குரிய வழி.

ஆய்வுகள் கூறுவது

சிறுவர் புற்றுநோயும் உடற்பயிற்சியும் பற்றிய ஆய்வில் கனடாவின் கல்கரிப் பல்கலைக்கழகம் முன்னிலை வகிக்கின்றது. அங்குள்ள ஆய்வாளர்களின் தலைமையில் பல நாடுகளின் வல்லுநர்கள் இணைந்து உருவாக்கிய சிறுவர் புற்றுநோயியல் உடற்பயிற்சி வழிகாட்டி 2021ஆம் ஆண்டில் வெளியாயிற்று. புற்றுநோய் கண்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் அசைவு முக்கியமானது என்பதும், ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு இயலும் நேரத்தில், இயலும் இடத்தில், இயலும் வகையில் அசைய வேண்டும் என்பதும் அதன் சாரம். சிகிச்சை முடியும் வரை காத்திருக்குமாறு அது கூறவில்லை.

நீண்டகாலப் பயனைப் பற்றிய சான்றும் உண்டு. சிறுவயதிற் புற்றுநோயிலிருந்து மீண்டு வளர்ந்தவர்களான 15,450 பேரை அமெரிக்காவிலும் கனடாவிலும் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2018ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. ஊக்கமான உடற்பயிற்சி செய்தோரிடையே இறப்பு வீதம் குறைவாக இருந்தமையை அது கண்டது. எட்டாண்டுக் காலத்திற் பயிற்சியை அதிகரித்தோரின் இறப்பு வீதம், குறைந்த பயிற்சியுடனேயே இருந்தோரை விட 40 வீதம் குறைவாக இருந்தது. உடல்நலம் நன்றாக உள்ளவர்களே அதிகம் பயிற்சி செய்திருக்கவும் கூடுமாதலால், முழுப் பயனும் பயிற்சியால் மாத்திரமே விளைந்தது என இவ்வாய்வைக் கொண்டு கூறிவிட இயலாது. எனினும், சிறுவயதிற் பதியும் விளையாட்டுப் பழக்கம் பின்னாளிற் பயன் தரும் என்னும் நம்பிக்கைக்கு இது வலுச்சேர்க்கின்றது.

குருதிப் பரிசோதனையின் மூன்று எண்கள்

சிகிச்சைக் காலத்தில் ஒரு நாளின் விளையாட்டை முடிவுசெய்வதில் குருதிப் பரிசோதனை அறிக்கைக்குப் பெரும் பங்குண்டு. அதில் மூன்று எண்களைப் பெற்றோர் அறிந்திருத்தல் நன்று.

முதலாவது ஹீமோகுளோபின். இது குறைந்தால் பிள்ளைக்கு மூச்சு வாங்கும், தலைசுற்றும். அன்று ஓட்டத்தைத் தவிர்த்து, நீட்டிமடக்கும் பயிற்சியோ மெதுவான நடையோ செய்யலாம். இரண்டாவது குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கை. இது குறைந்தால் சிறு அடியும் குருதிக்கசிவை உண்டாக்கும். அன்று பந்து தலையில் படக்கூடிய, மற்றவருடன் மோதக்கூடிய, உயரத்திலிருந்து விழக்கூடிய விளையாட்டுகள் ஆகா. மூன்றாவது நியூட்ரோபில் எனப்படும் வெண்குழியங்களின் எண்ணிக்கை. இது குறைந்தால் தொற்று எளிதில் ஏற்படும். அன்று தவிர்க்க வேண்டியது நெரிசலான உள்ளரங்கையும் பொது நீச்சல் தடாகத்தையுமே. வீட்டிலும் திறந்த வெளியிலும் பிள்ளை அசையலாம். எந்த எண்ணுக்குக் கீழே எது தடை என்பதை ஒவ்வொரு மருத்துவமனையும் பிள்ளையின் நிலைக்கேற்ப வரையறுக்கும். அவ்வெல்லைகளை எழுத்தில் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

தாயகத்திலோ தமிழ்நாட்டிலோ உள்ள உறவினரான மருத்துவரிடம் அறிக்கையைக் காட்டும் குடும்பங்கள் அலகு வேறுபாட்டை மனங்கொள்ளல் அவசியம். கனடாவில் ஹீமோகுளோபின் ஒரு லீற்றருக்கு எத்தனை கிராம் என அளக்கப்படுகின்றது. இங்கு 85 என்று காணப்படுவது அங்கு 8.5 என எழுதப்படும். அவ்வாறே சிறுதட்டுகள் 45 என இங்கு பதியப்பட்டிருந்தால் அது 45,000 ஆகும், நியூட்ரோபில் 0.5 என்பது 500 ஆகும். அலகை அறியாமல் எண்ணை மாத்திரம் தொலைபேசியிற் கூறுவதால் வீண் அச்சமோ வீண் துணிவோ ஏற்படலாம்.

கட்டம் கட்டமாக

மருத்துவமனையில் இருக்கும் நாட்களில் இலக்கு மிகச் சிறியது: உணவைக் கட்டிலில் அன்றிக் கதிரையில் அமர்ந்து உண்ணல், மருந்து ஏறும் கம்பத்தைத் தள்ளிக்கொண்டு தாழ்வாரத்தில் நடத்தல், கட்டிலோரத்தில் நின்று பலூனைத் தட்டல். இயன்மருத்துவரைச் சந்திக்கப் பெற்றோரே கோரலாம். சிக்கல் தோன்றும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

வீட்டிற்கு வந்த பின்னர், ஒரேயடியாக அரை மணி நேரம் நடப்பதை விட ஐந்து நிமிட நடையை நாளில் மூன்று நான்கு தடவைகள் மேற்கொள்வது எளிது. அடுக்குமாடியில் வாழும் குடும்பங்களுக்குத் தாழ்வாரமும் படிக்கட்டும் போதுமான பயிற்சிக்களங்கள். ஒரு வாரம் இயன்றதை மறுவாரம் சற்றுக் கூட்டலாம். கீமோதெரபி பெற்ற வாரத்திற் குறைத்து, பின்னர் மீண்டும் கூட்டலாம். அதனைப் பின்னடைவு எனக் கருத வேண்டியதில்லை. அசையும்போது பிள்ளையால் தடையின்றிப் பேச முடிந்தால் வேகம் அளவானது. வசனத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

சிகிச்சையின் இறுதிக் கட்டத்திலும் அதன் பின்னரும் பாடசாலை உடற்கல்வியும் நீச்சலும் குழு விளையாட்டும் ஒவ்வொன்றாகத் திரும்பலாம். கனடாவின் 24 மணிநேர அசைவு வழிகாட்டி, 5 வயது முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்கு 60 நிமிடங்கள் மிதமானது முதல் தீவிரமானது வரையான உடற்செயற்பாட்டில் ஈடுபட வேண்டும் என்றும், பொழுதுபோக்குத் திரைநேரம் இரண்டு மணித்தியாலங்களைக் கடத்தலாகாது என்றும் பரிந்துரைக்கின்றது. மீளும் பிள்ளைக்கு அந்த 60 நிமிடங்கள் சென்றடைய வேண்டிய இடமே. இன்றே செலுத்த வேண்டிய கடன் அன்று.

எந்தப் பிள்ளைக்கு எதிற் கவனம் வேண்டும்

உடலுக்கு வெளியே தொங்கும் மருந்துக் குழாய் உள்ள பிள்ளைகள் பொதுவாக நீந்தலாகாது. தோலின் கீழ் பொருத்தப்பட்ட போர்ட் உள்ள பிள்ளைகள், காயம் ஆறி, ஊசி அகற்றப்பட்ட நிலையில், மருத்துவக் குழுவின் அனுமதியுடன் நீந்தலாம். இருவகையினரும் மார்பில் நேரடியாக அடிபடக்கூடிய விளையாட்டுகளைத் தவிர்த்தல் நன்று.

எலும்புப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையில் உலோக மூட்டுப் பொருத்தப்பட்டவர்களுக்கு உதைபந்தாட்டம், பாய்தல் போன்றவை பெரும்பாலும் விலக்கப்படும். நீச்சலும் சைக்கிளும் அவற்றிற்குப் பதிலாக அமையலாம். ஒரு சிறுநீரகம் அகற்றப்பட்ட பிள்ளை, எஞ்சியதைக் காக்கும் பொருட்டு, மோதல் மிகுந்த விளையாட்டுகளைப் பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுதல் வேண்டும். இதயத்தைப் பாதிக்கக்கூடிய மருந்துகளைப் பெற்ற பதின்ம வயதினருக்கு நடை, ஓட்டம், நீச்சல் ஆகியவை பொதுவாக நன்மை தருபவை. ஆயினும் உடற்பயிற்சிக் கூடங்களில் மூச்சை அடக்கிப் பெரும் பாரம் தூக்குவது இதயத்திற்குச் சுமையாகலாம். குறைந்த பாரத்தைப் பல தடவைகள் தூக்குவதே ஏற்றது. மூளைக்கட்டிக்குச் சிகிச்சை பெற்றவர்களுக்குச் சமநிலையும் பார்வையும் முதலிற் பரிசோதிக்கப்படல் வேண்டும்.

தமிழ்க் குடும்பங்களில் எழும் வினாக்கள்

ரொறன்ரோவிற் பல தமிழ்ச் சிறுமியரின் முதன்மையான உடற்பயிற்சி பரதநாட்டியமாகும். அதனையும் விளையாட்டைப் போன்றே மருத்துவக் குழுவிடம் எடுத்துரைத்தல் வேண்டும். "நடனம்" என்று மாத்திரம் கூறினால் பாதத்தைத் தரையில் ஓங்கி மிதிப்பதையும் அரைமண்டியில் நீண்ட நேரம் நிற்பதையும் மருத்துவர் அறியமாட்டார். ஸ்டீராய்டு மருந்துகளால் எலும்பு மெலிந்த பிள்ளையின் இடுப்பிற்கும் முழங்காலிற்கும் இவ்விரண்டுமே பாரமானவை. ஒரு அடவைச் செய்துகாட்டும் சிறு காணொளியை இயன்மருத்துவரிடம் காட்டுதல் பயன் தரும். தடை விதிக்கப்பட்டாலும் வகுப்பை முற்றாக விட வேண்டியதில்லை. முத்திரை, அபிநயம், தாளம் ஆகியவற்றைக் கதிரையில் அமர்ந்தே பயிலலாம். அரங்கேற்றம் ஓராண்டு பிந்தினாலும் அதனாற் குறை ஏதுமில்லை.

ஆலயங்களில் வெறுங்காலுடன் நடப்பது மற்றொரு வினா. உள்ளங்கால் மரத்த பிள்ளை கோடைத் திருவிழாவிற் சுடும் தரையையோ கல்லையோ உணராது. கால்மேசுடன் நடக்கச் செய்து, வீடு திரும்பியதும் உள்ளங்காலைப் பார்த்தல் நன்று.

குளிர்காலத்தில் வெளியே சென்றால் தடிமன் பிடிக்கும் என்பது முதியோரின் கவலை. தொற்றுக்குக் காரணம் கிருமியே அன்றிக் குளிர் அன்று. அடைத்த அறைகளிற் கூடும் கூட்டமே பனிக்காற்றைக் காட்டிலும் ஆபத்தானது. தக்க ஆடையுடன் பத்து நிமிடம் வெளியே நடப்பது நன்று. பனி உறைந்து வழுக்கும் நாட்களில், கூட்டம் சேருமுன், காலை வேளையில் வணிக வளாகத்தின் உள்ளே நடக்கலாம். கோடையில் தொப்பியும் வெயில் தடுப்புக் களிம்பும் அவசியம். சில மருந்துகளும் கதிர்வீச்சுச் சிகிச்சையும் தோலை வெயிலுக்கு எளிதிற் கருகச் செய்யும்.

பாடசாலையும் சட்டமும்

ஒன்ராறியோவில் 1ஆம் தரம் முதல் 8ஆம் தரம் வரையுள்ள மாணவர்களுக்குப் பாடசாலை நாள் ஒவ்வொன்றிலும் குறைந்தது 20 நிமிட உடற்செயற்பாடு வழங்கப்படல் வேண்டும் என 2005ஆம் ஆண்டு முதல் விதிக்கப்பட்டுள்ளது. மீண்டுவரும் பிள்ளைக்கும் அந்நேரத்திற்கு உரிமை உண்டு. ஆண்டு முழுவதற்கும் உடற்கல்வியிலிருந்து விலக்குக் கோரும் கடிதத்தைப் பாடசாலைக்கு அனுப்புவது அவ்வுரிமையைத் தாமே கைவிடுவதாகும். அதற்குப் பதிலாக, எவை செய்யலாம், எவை செய்யலாகாது, எந்த நாளில் மீண்டும் பரிசீலிக்கப்படும் என்னும் மூன்றையும் குறிப்பிடும் கடிதத்தை மருத்துவமனையிடமிருந்து பெறலாம்.

ஒன்ராறியோ மனித உரிமைகள் சட்டக்கோவையின்படி, பாடசாலைகளும் விளையாட்டுக் கழகங்களும் கலைவகுப்புகளும் உடல்நலக் குறைபாடுள்ள பிள்ளைக்கு ஏற்றவாறு தமது சேவையை மாற்றியமைக்கும் கடமை உடையன. அளவுகடந்த இடர்ப்பாடு ஏற்படும் என நிறுவினாலன்றி அக்கடமையிலிருந்து விலக இயலாது. ஓட்டப்போட்டியில் பாதித் தூரத்தை நடந்து முடிக்க அனுமதித்தல், கூடைப்பந்தாட்டத்தில் அடிக்கடி மாற்று வீரராக அமர அனுமதித்தல், தண்ணீர்ப் போத்தலை உடன்வைத்திருக்க விடுதல் ஆகியவை இத்தகைய எளிய மாற்றங்கள்.

பிள்ளையின் நோயை ஊரறியக் கூடாது என எண்ணும் குடும்பங்கள் பல. அவ்விருப்பத்தை மதிக்கவும் வழி உண்டு. மாற்றம் கோரும்போது பிள்ளையின் தேவையையும் இயலாமையையும் குறிப்பிடுவதே பொதுவாகப் போதுமானது. நோயின் பெயரைக் கழகத்திற்கோ வகுப்பிற்கோ வெளியிட வேண்டியதில்லை. எனினும், வகுப்பாசிரியரும் அதிபரும் அறிந்திருப்பது பிள்ளைக்குப் பாதுகாப்பு. வகுப்பில் எவருக்கேனும் கொப்புளிப்பான் கண்டால் உடனே பெற்றோருக்கும் அவர்கள் வழியாக மருத்துவமனைக்கும் அறிவிக்கப்படல் வேண்டும். ஒன்ராறியோ சிறுவர் புற்றுநோயியல் குழுமமான போகோவின் இன்டர்லிங்க் தாதியர், குடும்பத்தின் சம்மதத்துடன் பாடசாலைக்குச் சென்று ஆசிரியருக்கும் மாணவருக்கும் விளக்கமளிக்கின்றனர்.

ரொறன்ரோவிற் கிடைக்கும் சேவைகள்

சிக்கிட்ஸ் எனப்படும் சிறுவர் மருத்துவமனையிற் சிகிச்சை பெறுவோர் இயன்மருத்துவர், தொழில்வழிச் சிகிச்சையாளர், கட்டணமற்ற மொழிபெயர்ப்பாளர் ஆகியோரைக் கோரலாம். சிகிச்சை முடிந்து ஆண்டுகள் கடந்த பின்னரும் போகோவின் பிற்பராமரிப்பு நிலையங்கள் பிள்ளைகளைத் தொடர்ந்து கண்காணிக்கின்றன. விளையாட்டுத் தொடர்பான வினாக்களை அங்கும் எழுப்பலாம்.

19 வயதும் அதற்குக் குறைந்த வயதும் உடையோர், மருத்துவரின் அல்லது தாதியப் பயிற்சியாளரின் பரிந்துரையுடன், திட்டத்தில் இணைந்துள்ள சமூக இயன்மருத்துவ நிலையங்களில் ஓஹிப் காப்பீட்டின் கீழ் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். இவ்வசதியை அறியாமற் பணம் செலுத்தும் குடும்பங்களும் உள்ளன.

கம்ப்ஃபயர் சேர்க்கிள் என்னும் அமைப்பு, முன்னர் தனித்தனியே இயங்கிய கேம்ப் ஊச், கேம்ப் டிரிலியம் ஆகியவற்றின் இணைப்பால் உருவானது. புற்றுநோய் கண்ட பிள்ளைகளுக்கும் அவர்தம் சகோதரர்களுக்கும் அது முகாம்களைக் கட்டணமின்றி நடத்துகின்றது. மஸ்கோகாவிலுள்ள அதன் முகாமிற் கீமோதெரபியும் குருதியேற்றமும் அவ்விடத்திலேயே வழங்கப்படுகின்றன. ஆகவே சிகிச்சையில் இருக்கும் பிள்ளையும் படகு வலிக்கவும் மரமேறு கயிற்றில் ஏறவும் முடிகின்றது. டேன்போர்த் அவெனியூவில் உள்ள வெரைட்டி வில்லேஜ், உடலியலாமை உள்ளோருக்கும் ஏனையோருக்கும் பொதுவான விளையாட்டு வசதிகளைக் கொண்டது.

நகரத்தின் பொழுதுபோக்குப் பிரிவு, தகவமைக்கப்பட்ட நிகழ்ச்சிகளையும், பொது நிகழ்ச்சிகளிற் சேரும் பிள்ளைகளுக்கு உடனிருந்து உதவும் பணியாளரையும் வழங்குகின்றது. இவ்வுதவியைப் பதிவு தொடங்குவதற்கு முன்னரே கோருதல் நன்று. வருமானம் குறைந்த குடும்பங்கள் வெல்கம் பொலிசி வழியாகக் கட்டணச் சலுகை பெறலாம். 311 என்னும் இலக்கத்தை அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டால் இவ்விபரங்கள் யாவும் கிடைக்கும்.

உடனே நிறுத்த வேண்டிய வேளைகள்

நெஞ்சுநோ, மயக்கம், இதயம் படபடத்தல், புதிதாகத் தோன்றிய மூட்டுநோ அல்லது நொண்டுதல், நிற்காத மூக்குக்குருதி, தலையில் அடி ஆகியவை நேர்ந்தால் விளையாட்டை நிறுத்தி மருத்துவக் குழுவை அழைக்க வேண்டும். நெஞ்சுநோ அல்லது மயக்கம் தொடருமாயின் 911ஐ அழைத்தல் வேண்டும். சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்கு வாய்வழி வெப்பநிலை ஒரு தடவை 38.3 பாகையோ, ஒரு மணித்தியாலத்திற்கு 38.0 பாகையோ காணப்பட்டால் அது அவசர நிலை. மருத்துவமனை வழங்கிய காய்ச்சல் அட்டையில் உள்ளவாறு உடனே செயற்படல் வேண்டும். அட்டையில் வேறு அளவு குறிக்கப்பட்டிருப்பின் அதுவே முடிவானது. அன்று விளையாட்டும் இல்லை, வீட்டு வைத்தியமும் இல்லை.

அடுத்த சந்திப்பில் கேட்க வேண்டிய வினாக்கள்

1. இந்த வாரக் குருதி எண்களின்படி என் பிள்ளை எவற்றைச் செய்யலாம், எவற்றைச் செய்யலாகாது?

2. பிள்ளை பெற்ற மருந்துகளுள் இதயத்தையோ எலும்பையோ நரம்பையோ பாதிப்பவை எவை? அதற்கேற்பத் தவிர்க்க வேண்டிய விளையாட்டு எது?

3. தவிர்க்க வேண்டிய விளையாட்டிற்குப் பதிலாக எதனைத் தெரியலாம்?

4. இயன்மருத்துவரை எப்போது சந்திக்கலாம்?

5. பாடசாலைக்குரிய கடிதத்தை யார் எழுதித் தருவார்? அது எப்போது மீண்டும் பரிசீலிக்கப்படும்?

இவ்வைந்திற்கும் விடை பெற்ற குடும்பம், வரும் செப்டெம்பர் மாதத்தில் பிள்ளையைக் கதிரையில் அமர்த்த வேண்டுமா என்பதை அச்சத்தால் அன்றி அறிவால் முடிவுசெய்யும். அன்று அப்பிள்ளை மைதானத்தைப் பத்துத் தடவை சுற்ற வேண்டியதில்லை. நண்பன் ஒருவனுடன் பேசிக்கொண்டு ஒரு தடவை நடந்து முடித்தாலும் போதும்.